தட்டில் இருந்த கால்

என் நாத்தனாரை எங்கள் தெருவில் ஊசி என்றுதான் சொல்வார்கள். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் பிரிவில் நர்ஸ். கடைத்தெருவில் அவள் எதிரே வந்தால், அம்மாவின் கையைப் பிடித்து நடந்து வரும் வாண்டுகள் மெல்ல அம்மாவின் மறுபக்கத்துக்கு மாறிக்கொள்ளும். வீட்டுக்குள் அந்தப் பெயருக்கு இன்னொரு காரணமும் உண்டு. வேலையில்லாத நேரத்தில் அவள் கையில் இருப்பது இசைத்தட்டு ஊசி. அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். "வாரம் பூரா பிள்ளைங்களுக்கு ஊசி, லீவு நாள்ல தட்டுக்கு ஊசி. நடுவுல நான் எப்படியோ தப்பிச்சிட்டேன்" என்பார்.

என் கணவருக்கு அவள் அக்கா, எனக்கு அண்ணி. ஒரே மாடியில் எதிரெதிர் வீடு. அவர்கள் வீட்டுச் சாவி எங்கள் ஆணியிலும் எங்கள் சாவி அவர்கள் ஆணியிலும் தொங்கும். சர்க்கரை தீர்ந்தால் யாரும் யாரையும் கேட்பதில்லை.

அண்ணிக்குப் பிடித்த பாட்டு ப்ளூஸ், அமெரிக்கக் கறுப்பின மக்கள் தங்கள் கஷ்டத்தைப் பாடிய பாட்டு. எங்கள் குடும்பத்தில் முன்னும் பின்னும் யாருக்கும் இல்லாத பழக்கம். நர்ஸ் பயிற்சிக் காலத்தில் அவள் தங்கியிருந்த விடுதிக்குக் கீழே ஓர் இசைத்தட்டுக் கடை இருந்ததாம். வார்டில் ஒரு மோசமான நாள். அழுது தீர்த்துவிடலாம் என்று அறைக்கு வந்தவள், கீழே ஒரு குரல் தன் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டே நடுநடுவே அந்தக் கஷ்டத்தைக் கிண்டலும் செய்வதைக் கேட்டு, செருப்புகூடப் போடாமல் இறங்கிப் போனாள். கடைக்காரர் அந்தத் தட்டுகளையெல்லாம் யாரும் வாங்குவதில்லை என்று மாடிப்படிக்கு அடியில் போட்டு வைத்திருந்தார். படிப்பு முடிவதற்குள் படிக்கு அடியில் இடம் காலியாகிவிட்டது. கல்யாணமாகி வந்தபோது அண்ணியின் பெட்டியைத் தூக்கிய என் கணவர், "அக்கா, உள்ள துணி வெச்சியா, செங்கல் வெச்சியா?" என்று கேட்டாராம்.

அண்ணன் (லிஃப்ட் மெக்கானிக்கை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) அன்று முதல் அந்த அலமாரியோடு குடித்தனம் நடத்துகிறார். "சக்களத்திங்கிறதுக்கு ஆண்பால் என்னம்மா? நீ படிச்சவளாச்சே" என்று என்னிடம் ஒருமுறை கேட்டார்.

"அப்படி ஒரு வார்த்தை இல்லையே அண்ணா."

"பாத்தியா. என் கஷ்டத்துக்கு ஒரு வார்த்தைகூட இல்ல."

அவர்கள் மகள் படித்து வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனதும், அவள் அறையை அண்ணி பிடித்துக்கொண்டாள். கட்டிலைச் சுவரோரம் தள்ளி, கனமான ஒரு கருங்கல் பலகை வாங்கி மேசைமேல் போட்டு, அதன்மேல் இசைத்தட்டு இயந்திரத்தை வைத்தாள். அதிலிருந்து ஒரு வயர் சின்னப் பெட்டிக்கும், பெட்டியிலிருந்து இன்னொரு வயர் மடிக்கணினிக்கும் போனது. தட்டில் இருக்கும் பாட்டையெல்லாம் ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்ற வேண்டும் என்பது திட்டம். தட்டு தேயும், நெளியும், உடையும். ஏற்றிவிட்டால் பயமில்லை என்றாள். யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. வீடியோக்களைப் பார்த்து, தப்பாகச் செய்து, திரும்பச் செய்து தானாகவே பிடித்துக்கொண்டாள்.

அதில் கஷ்டப்பட்டது நாங்கள்தான். தட்டு ஓடும்போது யாராவது கூடத்தில் அழுத்தி நடந்தால் ஊசி துள்ளும். மிக்ஸி போட்டால் பதிவில் உறுமும். ஃபிரிட்ஜ் மோட்டார் மெல்லிய ரீங்காரமாகக் கூடவே வரும். ஆகவே ஒரு பக்கம் ஓடி முடியும்வரை வீட்டில் ஊரடங்கு. நாற்காலியை இழுக்கக் கூடாது, தும்மக் கூடாது, கழிவறையில் தண்ணீர் விடக் கூடாது. ஒருமுறை ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு மறுபடி போட மறந்து, பால் முழுக்கத் திரிந்து போனது. அதை யாரும் அண்ணியிடம் எடுத்துச் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த பக்கத்தை ஆரம்பித்துவிடுவாளோ என்ற பயம்.

போகப் போக எங்கள் இரண்டு வீட்டிலும் நேரத்தை அளப்பதே தட்டுக் கணக்கில் ஆகிவிட்டது. "சாதம் வேக இன்னும் அரைப் பக்கம் ஆகும்" என்று நான் சொன்னால் என் கணவருக்குப் புரியும். இன்னொரு சிக்கலும் வந்தது. அண்ணி "தட்டு" என்றால் சாப்பிடுகிற தட்டா, பாடுகிற தட்டா? இரண்டு தடவை குழப்பமானபின் அண்ணி சட்டம் போட்டாள். இந்த வீட்டில் தட்டு என்றால் பாடுகிற தட்டுதான். சாப்பிடுவதற்குப் பெயர் பிளேட். யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது. அந்தச் சட்டம் பின்னால் என்ன வேலை செய்யப் போகிறது என்று அன்று யாருக்குத் தெரியும்.

என் கணவருக்கு ப்ளூஸ் பிடிபடவே இல்லை. கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். சன்னல் கண்ணாடி, மேசைக் கண்ணாடி, குளியலறைக் கண்ணாடி எல்லாம் அளவெடுத்து வெட்டித் தருவார். எதையும் அளந்து பார்க்கிற புத்தி. "மூணே வரி பாட்டு. அதுலயும் முதல் வரியை ரெண்டு தடவை பாடிடுறாங்க. இதுக்கு எதுக்குக்கா ஒரு தட்டு?"

"நீ உன் பொண்டாட்டிகிட்ட டீ கேக்கும்போது எத்தனை தடவை கேக்குறே?"

"ரெண்டு தடவை."

"அப்புறம்?"

"நானே போய்ப் போட்டுக்குவேன்."

"அதான்டா மூணாவது வரி" என்றாள் அண்ணி.

தட்டை ஏற்றுவது பாதி வேலைதான். மீதி, சுத்தம் செய்வது. பழைய தட்டு என்றால் கீறலும் தூசியும் இருக்கும். அவை பதிவில் டிக் டிக்கென்று சின்னச் சின்னச் சொடுக்காக விழும். அதைத் தேடிப் பிடித்து அழிக்கும் மென்பொருள் ஒன்று கணினியில் இருக்கிறது. அண்ணிக்கு அதுதான் உயிர். இயல்பிலேயே சுத்தக்காரி. நாங்கள் கை கழுவினால் முழங்கைவரை கழுவினோமா என்று பார்ப்பவள். சுத்தம் செய்தபின் பழைய பதிவை அவள் வைத்துக்கொள்வதும் இல்லை, அழித்துவிடுவாள். இடத்தை அடைக்கும் என்பது சாக்கு. "காயத்தைத் துடைச்ச பஞ்சை யாராவது எடுத்து வெப்பாங்களா?" என்பதுதான் காரணம்.

அப்படி அவள் ஏற்றியதில் ஒரு தட்டு, ஒரு பெண் பாடியது. அட்டையில் நடுத்தர வயதை நெருங்கும் ஒரு பெண் மரநாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, படம் எடுப்பவரை நீ யார் என்று கேட்பது போலப் பார்க்கிறாள். பக்கத்தில் ஒருவர் கிதார் வைத்திருக்கிறார். அவள் பாடி வெளிவந்த தட்டு அது ஒன்றுதான். அண்ணி அதிலிருந்து ஒரு துண்டை இணையத்தில் போட்டு, இந்த அம்மாவைப் பற்றி யாருக்காவது தெரியுமா என்று கேட்டிருந்தாள்.

சில மாதம் கழித்துப் பதில் வந்தது. எழுதியவர் ஒரு பஸ் டிரைவர். வேறு நாடு. "அது என் அம்மா" என்று எழுதியிருந்தார். அம்மா இருக்கிறார். பாட்டு சோறு போடாததால் சலவைக் கூடத்தில் வேலைக்குப் போய், அங்கேயே ஓய்வு பெற்றார். கையிலிருந்த ஒரே தட்டு எப்போதோ வீடு மாறியபோது தொலைந்தது. கண் பார்வை போய்க்கொண்டிருக்கிறது, காது கத்தி மாதிரி இருக்கிறது. தன் பாட்டைத் தான் கேட்டு எத்தனையோ வருடம் ஆகிறது. முழுத் தட்டையும் அனுப்ப முடியுமா?

அண்ணி அதை எங்களுக்குப் படித்துக் காட்டினாள். அன்றைக்கு அண்ணன் டீ போட்டார். அதிலிருந்து நிலைமையைத் தெரிந்துகொள்ளலாம்.

ஏற்கெனவே ஏற்றிச் சுத்தம் செய்து வைத்திருந்ததுதான். இருந்தாலும் இன்னொரு முறை மென்பொருளில் விட்டு, ஒரு தூசி இல்லாமல் வழித்துத் துடைத்து அனுப்பினாள். "நேத்துப் பாடினது மாதிரி இருக்கு. அந்தம்மா அசந்துடுவாங்க" என்றாள்.

அந்த அம்மா அசரவில்லை. பதில் ஒரு காலையில் வந்தது. மகனின் குரல், எழுதத் தயங்கிப் பேசி அனுப்பியிருந்தார். சொன்னது இவ்வளவுதான்: அம்மா கேட்டார். ரொம்ப நன்றி சொல்லச் சொன்னார். குரல் தன்னுடையதுதான் என்கிறார். ஆனால் பாடுவது தான் இல்லை என்கிறார். என் கால் எங்கே என்று கேட்கிறார்.

"காலா?" என்றார் என் கணவர். "பாட்டுல கால் எங்கேர்ந்து வந்துச்சு? வயசாச்சு, பாவம்."

அண்ணி அலமாரியிடம் போனாள். அட்டையை எடுத்துப் பார்த்தாள். கால்மேல் கால் போட்டிருந்ததால் ஒரு செருப்பின் அடிப்பாகம் படத்தில் தெரிந்தது. குதிகாலில் வட்டமாக ஏதோ பளபளத்தது. கண்ணுக்கு அருகே கொண்டுபோனாள்.

"ஆணி அடிச்சிருக்காங்க" என்றாள். "குதிகாலுக்கு அடியில ஆணி."

அப்புறம்தான் எனக்கும் விளங்கியது. அந்தப் பாட்டில் மத்தளம் இல்லை. தாளத்துக்கு அந்த அம்மா பலகைமேல் குதிகாலைத் தட்டியிருக்கிறார். ஆணி பலகையில் பட்டுச் சின்னதாக, கூர்மையாக டிக் என்று கேட்டிருக்கும். மென்பொருளுக்கு அது சொடுக்கு. அண்ணிக்கும் அது சொடுக்குதான். பாட்டு முழுவதும் இருந்த காலை, கீறல் என்று நினைத்து அவள் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டாள். பழைய பதிவையும் அழித்துவிட்டாள்.

"நான் அந்தம்மா காலை வெட்டிட்டேன்" என்றாள் அண்ணி.

"தட்டு இருக்குல்ல. திரும்ப ஏத்து" என்றார் அண்ணன்.

அதுவும் சரிதான். அண்ணி அலமாரியிலிருந்து தட்டை எடுத்தாள். ஏற்றுமுன் கழுவுவது வழக்கம். குளிர்ந்த காய்ச்சி வடித்த நீர், ஒரு சொட்டு சோப்பு, மென்மையான துணி. வேலைக்கு நேரமாகிவிட்டதால், சாயங்காலம் வந்து கழுவலாம் என்று சமையல் மேடையில் ஒரு துண்டை விரித்து அதன்மேல் தட்டை வைத்துவிட்டு ஓடினாள்.

அன்று கண்ணாடிக் கடைக்கு வார விடுமுறை. மதியம் என் கணவரும் அண்ணனும் அண்ணி வீட்டில்தான் சாப்பிட்டார்கள். அண்ணன் வேலைக்குத் திரும்பிவிட்டார். மருத்துவமனையில் கூட்டம், அண்ணி அவசரமாகத் தம்பிக்கு ஃபோன் செய்தாள்.

"டேய், நான் வர நேரமாகும். அடுப்பங்கரையில தட்டு கிடக்கும், கழுவி வெச்சிடு. போட்டது போட்டபடி கிடந்தா எனக்குத் தாங்காது." வைத்துவிட்டாள்.

என் கணவர் அடுப்பங்கரைக்குப் போனார். தொட்டியில் சாப்பிட்ட பிளேட்டுகள் கிடந்தன. மேடையில் துண்டு விரித்து, அதன்மேல் ஒரு தட்டு.

கடைக் கண்ணாடியை எப்படிக் கழுவுவாரோ அப்படி, பக்குவமாகத்தான் கழுவியிருக்கிறார். கெட்டிலில் தண்ணீர் காய வைத்து, பாத்திரச் சோப்பு போட்டு, பஞ்சால் வட்டம் வட்டமாகத் தேய்த்து, கொதிநீரில் அலசி. நல்லவேளை, கம்பி நாரைத் தொடவில்லை. கழுவியதைப் பாத்திரக் கூடையில் சாய்த்து வைத்துவிட்டு, தொட்டியிலிருந்த பிளேட்டுகளை அப்படியே விட்டுவிட்டு வந்தார்.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்த அண்ணி எங்கள் இருவரையும் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தோம். தட்டு பாத்திரக் கூடையில் ஒரு பக்கம் தொங்கிப்போய், வெயிலில் கிடந்த தொப்பி மாதிரி இருந்தது. நடுவிலிருந்த காகிதம் உரிந்து கையோடு வந்தது. அண்ணி அதைப் பிடித்தபடி தம்பியைப் பார்த்தாள்.

"பிளேட் கழுவச் சொன்னேன்."

"தட்டுன்னு சொன்னே."

"சாப்பிட்ட தட்டைச் சொன்னேன்டா."

"இந்த வீட்டுல தட்டுன்னா என்ன? சட்டம் போட்டது யாரு? நான் ஒரு தடவை சாப்பிடுற தட்டைத் தட்டுன்னு சொன்னதுக்கு என்னை எவ்வளவு பேச்சுப் பேசினே?"

அவர் சொன்னதில் ஓட்டை இல்லை.

"கொதிக்கிற தண்ணியில யாராவது கழுவுவாங்களா?" என்றாள் கடைசியில்.

"நீதானே எதையும் கொதிக்கிற தண்ணியில கழுவணும்பே."

அண்ணன் அங்கேயிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு இத்தனை வருஷமா அந்த அலமாரியைப் பிடிக்காது. ஆனா நான் ஒரு நாளும் அதைக் கொதிக்க வெச்சதில்ல" என்றார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மா தன் காலைக் கேட்டு உட்கார்ந்திருக்கிறார். அது இருந்த ஒரே இடம் இப்படி நெளிந்து கிடக்கிறது. வேறு எங்கேயாவது இன்னொரு தட்டு கிடைக்குமா என்று அண்ணி பல நாள் தேடினாள். தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரையும் கேட்டாள். எவரிடமும் இல்லை.

பிறகு ஒரு நாள் கண்ணாடிக் கடைக்குப் போய்த் தம்பி முன்னால் நின்றாள். சண்டைக்குப்பின் இருவரும் சரியாகப் பேசியிருக்கவில்லை.

"உன்கிட்ட இருக்கிறதுலயே தடியான கண்ணாடி ரெண்டு வேணும். சதுரமா. இம்மிகூட வளைவு இருக்கக் கூடாது."

என் கணவர் எதற்கு என்று கேட்கவில்லை. மேசைக்கென்று யாருக்கோ வெட்டி வைத்திருந்ததையே எடுத்து, ஓரம் கையைக் கிழிக்காதபடி மழுக்கி, அன்றே மாடிக்குத் தூக்கி வந்தார். அந்த வாடிக்கையாளரிடம் என்ன பொய் சொன்னார் என்று எனக்கு இதுவரை தெரியாது.

நெளிந்த தட்டை நிமிர்த்த முடியும் என்று அண்ணி எங்கோ படித்திருந்தாள். இரண்டு கண்ணாடிக்கு நடுவே வைத்து, இளக வேண்டிய அளவுக்கு மட்டும் சூடாக்கி, மெல்ல ஆறவிட வேண்டும். சூடு கூடினால் பாட்டு பதிந்திருக்கும் பள்ளமெல்லாம் உருகி வழவழவென்று ஆகிவிடும், குறைந்தால் நிமிராது. முதலில் இரண்டு பழுதான தட்டுகளை எடுத்துச் சோதித்தாள். ஒன்று கெட்டது. அடுத்தது நிமிர்ந்தது. அதன்பின் மொட்டைமாடியில் வெயிலில் கண்ணாடியை வைத்தாள். சமையலுக்கு வாங்கிய தெர்மாமீட்டரைச் சந்தில் செருகி, காய்ச்சல் குழந்தைக்குப் பக்கத்தில் உட்காருவது போலக் குடை பிடித்து உட்கார்ந்தாள். ஏறினால் குடையை இழுத்து நிழல் தருவாள், இறங்கினால் விலக்குவாள். துணி காயப்போட வந்த கீழ்வீட்டுப் பெண்மணி, "கண்ணாடிக்கு எதுக்கு அக்கா குடை?" என்று கேட்டாள்.

"வெயில் ஒத்துக்காது" என்றாள் அண்ணி.

வெயில் சாய்ந்ததும் அப்படியே நிழலுக்கு நகர்த்தி, மேலே என் கணவர் இன்னும் இரண்டு கண்ணாடியைப் பாரமாக ஏற்றினார். இரவு முழுக்க ஆறவிட்டார்கள். திறந்தபோது அக்காவும் தம்பியும் தலை முட்ட ஒரே நேரத்தில் குனிந்தார்கள். தம்பி அளவுகோலை நிமிர்த்தி வைத்து விளிம்போடு ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"ஒரு ஓரத்துல மயிரிழை தூக்கல் இருக்கு. மத்தபடி கண்ணாடிதான்."

"ஓடுமா?"

"நீ ஓட்டுவே."

அடுத்த விடுமுறை நாள் பகலில் ஏற்றுவதென்று முடிவானது. கழுவியதில் தட்டில் புதுக் கீறல்கள் விழுந்திருந்தன. நிமிர்த்திய தட்டு எத்தனை முறை ஊசியைத் தாங்கும் என்று தெரியாது. முதல் முறையே சரியாக வர வேண்டும். ஃபிரிட்ஜ், மின்விசிறி, மோட்டார் எல்லாம் அணைத்தாயிற்று. அப்போதுதான் அண்ணி சுவரைக் காட்டினாள். லிஃப்ட். அது ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் அந்த அறைச் சுவர் லேசாக அதிரும். மற்ற தட்டுகளில் அதைச் சகித்துக்கொண்டாள். இதில் முடியாது.

அண்ணன் எழுந்து, தன் வேலைப்பையிலிருந்து ஓர் அறிவிப்புப் பலகையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தவர் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

"என்ன பண்ணீங்க?"

"லிஃப்ட் ரிப்பேர்."

"ரிப்பேரா? காலையில நல்லா இருந்துச்சே."

"நான் மெக்கானிக். நான் சொன்னா ரிப்பேர்."

அண்ணி ஊசியை இறக்கினாள். தட்டின் உயர்ந்த ஓரம் வரும்போதெல்லாம் ஊசிக்கை அலைமேல் படகு போல ஏறி இறங்கியது. விழவில்லை. நாங்கள் மூவரும் கட்டிலில் வரிசையாக, வகுப்பில் தண்டனை வாங்கிய பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். படிக்கட்டில் மேல்மாடிக்காரர் காய்கறிப் பைகளோடு ஏறுவதும், ஒவ்வொரு மாடியிலும் நின்று லிஃப்ட் வைத்தவனையும் பார்த்துக்கொள்கிறவனையும் திட்டுவதும் மெல்லக் கேட்டது. அண்ணன் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். அந்தக் குரல் எங்கள் மாடியைக் கடக்கும்போது மட்டும் அண்ணி கண்ணை மூடினாள். பதிவில் அது விழவில்லை. அப்படியே தட்டைத் திருப்பி மறுபக்கத்தையும் ஏற்றினாள். அறைக்குள் யாருக்கும் வியர்வையைத் துடைக்கக்கூடத் தைரியமில்லை.

இனி கையால் சுத்தம் செய்ய வேண்டும். மென்பொருளை நம்ப முடியாது. ஆனால் தட்டில் இப்போது முன்பைவிட அதிகச் சொடுக்குகள். எது கீறல், எது கால்? திரையில் இரண்டும் ஒரே மாதிரி முள்ளாக நிற்கின்றன. காதுக்கும் இரண்டும் டிக்தான். அண்ணி நாள்கணக்கில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு முள்ளை அழிப்பாள், பயந்து திரும்பக் கொண்டுவருவாள். அவள் எதையும் அழிக்கப் பயந்து நான் பார்த்தது அப்போதுதான்.

ஒரு நாள் டீயை அவள் பக்கத்தில் வைக்கப் போனேன். கண்ணை மூடி, இடது மணிக்கட்டில் வலது கையின் இரண்டு விரலை வைத்திருந்தாள். நோயாளிக்கு நாடி பார்க்கிற மாதிரி, தனக்கே.

"உடம்புக்கு என்ன அண்ணி?"

ஹெட்ஃபோனைக் கழற்றினாள். "தட்டு ஒரு சுத்து சுத்தறப்போ கீறல் ஒரு தடவை வரும். எப்பவும் அதே இடைவெளி. கடிகாரம். அதுக்குப் பாட்டைப் பத்திக் கவலையே இல்ல."

"சரி."

"கால் அப்படி இல்லம்மா. அந்தம்மா புருஷன் ஓடிப்போனதைப் பாடும்போது மெதுவா வருது. திரும்பி வந்தா கதவைத் திறக்க மாட்டேன்னு பாடும்போது வேகமாவுது. நாடி மாதிரி. மெஷினுக்கு நாடி ஏறாது. மனுஷிக்குத்தான் ஏறும்."

மறுபடி மாட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து கை தடுமாறவில்லை. ஒரே இடைவெளியில் வந்தவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். ஏறியும் இறங்கியும் வந்தவற்றைத் தொடவில்லை. சந்தேகமானவற்றை விட்டுவைத்தாள். "கொஞ்சம் அழுக்கு இருந்தா பரவாயில்லையா?" என்று அண்ணன் வேண்டுமென்றே கேட்டார். "இருந்துட்டுப் போகுது" என்றாள். அவர் காதில் விழுந்தது சரிதானா என்று என்னைப் பார்த்தார்.

வேலை முடிந்ததும் எங்களைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினாள். முன்பு கேட்ட அதே பாட்டு. முன்பு அது அழகாக, யாரோ காற்றில் மிதந்தபடி பாடுவது போல இருந்தது. இப்போது ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்து, தரையில் கால் ஊன்றிப் பாடினாள். என் கணவர் முழுதும் கேட்டார். முதல் வரி இரண்டாம் தடவை வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை.

இந்த முறை அண்ணி அனுப்பிவிட்டுக் காத்திருக்கவில்லை. மகனோடு பேசி, அந்த அம்மா கேட்கும்போது தானும் பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு செய்துகொண்டாள். மடிக்கணினியில் வீடியோ அழைப்பு. நாங்கள் நால்வரும் நெருக்கி உட்கார்ந்தோம். திரையில் ஒரு சின்ன வரவேற்பறை, சன்னல், ஒரு சாய்வு நாற்காலி. அதில் அட்டையில் இருந்த அதே பார்வையோடு ஒரு வயதான அம்மாள். எங்களைத் தெளிவாகத் தெரியாது. குரல் வரும் பக்கம் பார்த்தார். மகன் பஸ் டிரைவர் சீருடையிலேயே நின்றிருந்தார். அவர்கள் பேசியதை அண்ணி அவ்வப்போது எங்களுக்குத் தமிழில் சொன்னாள்.

மகன் பாட்டைப் போட்டார். அந்த அம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. முதல் பாட்டு முடிந்தது. அண்ணி என் கையைப் பிடித்திருந்தாள், எலும்பு வலிக்கும்படி. இரண்டாவது பாட்டின் நடுவில் அந்த அம்மா கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"என்ன சொல்றாங்க?" என்றார் என் கணவர்.

"கிதார்காரன் இந்த இடத்துல பிந்திட்டானாம். அப்பவே சொன்னாங்களாம், கேக்கலையாம்."

"அவ்வளவுதானா?"

"இரு."

அந்த அம்மா பேச ஆரம்பித்தார். நீளமாகப் பேசினார். அண்ணி சொல்வதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"பாட்டு எடுத்த அன்னிக்கு பதிவு பண்ற ஆளு செருப்பைக் கழட்டச் சொன்னானாம். சத்தம் வருது, பாட்டு கெடுதுன்னு. மாட்டேன்னாங்களாம். காலுக்கு அடியில துணியை மடிச்சுப் போட்டானாம். பாடிக்கிட்டே அதை உதைச்சுத் தள்ளிட்டாங்களாம். அந்தக் கால் தட்டுல இருக்கிறதே அன்னிக்குச் சண்டை போட்டு ஜெயிச்சதாலதானாம்."

திரையில் அந்த அம்மா இன்னும் ஒன்று கேட்டார். சின்னக் கேள்வி. அது எனக்கே புரிந்தது. இதைச் செய்தது யார்?

"நான்" என்றாள் அண்ணி.

"முதல்ல அனுப்பினதும் நீயா?"

"அதுவும் நான்தான்."

அந்த அம்மா சிரித்தார். இருமலில் போய் முடிந்த பெரிய சிரிப்பு. மகனிடம் என்னவோ சொன்னார். அவர் பாட்டை விட்ட இடத்திலிருந்து ஓடவிட்டு, கையிலிருந்த ஃபோனை மெல்லக் கீழே இறக்கினார். நாற்காலியின் விளிம்பு வந்தது, உடையின் ஓரம் வந்தது, பிறகு தரை. வீட்டுச் செருப்புப் போட்ட ஒரு கால். கணுக்கால் வீங்கி, நரம்பு புடைத்திருந்தது. குதிகால் எழுந்து பலகைத் தரையில் விழுந்தது. திரும்ப எழுந்தது. தட்டில் இருந்த கால் எங்கே விழுந்ததோ அங்கேயே இதுவும், ஒரு தடவைகூடப் பிசகாமல்.

என் கணவர் முன்னால் குனிந்துகொண்டார். அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அண்ணி நிமிர்ந்து, பரிசு வாங்க மேடையேறியவளைப் போல உட்கார்ந்திருந்தாள். வேறு எவர் காலையும் நாங்கள் அப்படி மரியாதையாகப் பார்த்ததில்லை.